முகம் சுளிக்காமல் ஒரு காலை

சாப்பிடும்போது என் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று தெரபிஸ்ட் சொன்னாள். சந்தோஷம் கூடத் தெரியக்கூடாதாம். மகள் ஒரு வாய் அதிகமாக எடுத்தால் கண்ணை விரிக்கக்கூடாது, தட்டைத் தள்ளினால் பெருமூச்சு விடக்கூடாது. எதிரில் உட்கார்ந்து, என் பாட்டுக்கு நானும் சாப்பிட வேண்டும். “ஷீ இஸ் ரீடிங் யுவர் ஃபேஸ் ஆல் தி டைம்,” என்றாள். பக்கத்தில் என் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் வழக்கமாக எதுவுமே தெரியாது, கல்யாண ஆல்பத்திலேயே தெரியவில்லை. அதனால் அந்த உத்தரவு முழுக்க எனக்குத்தான்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். எனக்கு அருவருப்பு சட்டென்று வரும், வந்தால் முகத்தில்தான் முதலில் வரும். ஆபீஸ் பேன்ட்ரியில் யாராவது நேற்றைய மீனை மைக்ரோவேவில் வைத்தால், இரண்டு காரிடார் தள்ளி மீட்டிங்கில் இருக்கும் எனக்குக் குமட்டும். நாங்கள் இருக்கும் டெக்சாஸ் காப்பெலில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில், சாம்பார் கரண்டியைத் தயிர்சாதத்தில் குத்தி வைக்கிறவர்களை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. குழந்தை கடித்துத் துப்பிய பீட்சா விளிம்பை லபக்கென்று வாயில் போட்டுக்கொள்ளும் அப்பாக்களைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ‘இவளுக்கு மூக்கு ஒரு முழம்’ என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது பதினாறு வயது. முன்பெல்லாம் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, தோசையைக் கல்லிலிருந்தே பிய்த்துத் தின்றவள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகினாள். ஸ்கூலில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள், ஃப்ரெண்ட் வீட்டில் சாப்பிட்டேன் என்பாள். லஞ்ச் பாக்ஸ் கழுவி வைத்த மாதிரி திரும்பி வரும். நல்ல பெண், டப்பாவைத் தானே கழுவி வைக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். டாக்டர் எடை பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த செக்கப்பில் எடை இன்னும் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார் அவர். அந்த செக்கப், நாங்கள் இந்தியா போய்த் திரும்புகிற வாரத்தில் இருந்தது.

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் வந்து இருபது வருடம் ஆனாலும், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவருடைய உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாவிட்டால் இவர்களுக்கு ஆகாது. ஒரு வருடம் கொலு பார்க்க வந்த ஆன்ட்டி ஒருத்தி, சுண்டலை மென்றுகொண்டே, “பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டா இல்ல?” என்றாள். அடுத்த கொலுவுக்கு அதே ஆன்ட்டி, அதே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “வாவ், என்னம்மா டயட் பண்றா? எங்க பொண்ணுக்கும் கொஞ்சம் ஷேர் பண்ணச் சொல்லேன்,” என்றாள். எனக்கு அந்த வாயில் சுண்டலோடு சேர்த்து எதையாவது அடைக்க வேண்டும் போலிருந்தது. தாம்பூலம் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இந்த விஷயத்தில் என் நாத்தனாரை யாரும் மிஞ்ச முடியாது. என் கணவரின் அக்கா. சென்னையில் இருக்கிறார். வீடியோ காலில் என் மகள் வந்தால், “கேமராவ கொஞ்சம் தள்ளிப் பிடிடி கண்ணு, அத்தை உன்ன முழுசாப் பாக்கணும்,” என்பார். அவள் எழுந்து நின்று காட்ட வேண்டும். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே ஒரு பார்வை. பிறகு தீர்ப்பு. மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். அத்தைக்கு மட்டும் எந்தப் பாஷையிலும் பதில் சொல்ல மாட்டாள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்த அக்டோபரில் நாத்தனார் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். தம்பி வராமல் எப்படி? மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். போகலாம், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றார்கள். சென்னையில் பந்தியில் அவளைச் சுற்றி நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஆளாளுக்கு இலையில் கொட்டினார்கள். அவள் கையை வைத்து இலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசேஷம் முடிந்து, திரும்புகிற வழியில் எல்லோருமாக பாங்காக்கில் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. புது மாப்பிள்ளை அத்திம்பேர் ஆசைப்பட்டாராம்.

சென்னையிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் போனை நீட்டினாள். “அம்மா, கேன் வி டூ திஸ்?”

பாங்காக் சைனாடவுனில் ஒரு கைடு தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய், கடை கடையாக வாங்கித் தருவாளாம். அரை நாள் நடை. என் மகள் வாயிலிருந்து ‘சாப்பிடப் போகலாம்’ என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாக்கடைக்குள் நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று அந்த கைடு சொல்லியிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். முகத்தில் எதையும் காட்டாமல், “பாக்கலாமே,” என்றேன். உள்ளுக்குள் எனக்கு அழுகை முட்டியது.

நாங்கள் சைவம். முட்டை கூட வீட்டுக்குள் வராது. நாத்தனாரோ புரட்டாசியில் வெங்காயம் பூண்டு கூடத் தொடாதவர். ஆனால் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், எங்கள் நவராத்திரி சமயத்தில்தான் அங்கே சீனக் கோயில்களில் சைவத் திருவிழாவாம். அந்த நாட்களில் விரதம் இருக்கிறவர்களுக்காகக் கடைகளில் மஞ்சள் கொடி கட்டியிருப்பார்கள். கொடி கட்டிய கடையில் மாமிசம் கிடையாது, மீன் சாறு கிடையாது, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. என் கணவர் கைடுக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினார். எண்ணெய் தனியா, வாணலி தனியா, கரண்டி தனியா, கழுவுகிற தொட்டி தனியா. எல்லாவற்றுக்கும் அவள் சிரிக்கிற பொம்மை போட்டு ‘எஸ்’ அனுப்பினாள். “பால் கூடக் கிடையாதா? அப்ப நம்மளையே தூக்கி சாப்ட்டுட்டாங்களே!” என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஆட்களுக்கே உரிய தப்பு இதுதான். சாப்பாட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பதுபோல் விசாரிப்போம். அது என்ன உருவத்தில் வரும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

பாங்காக்கில் அன்று காலையில் அத்திம்பேர் முழங்கால் வலிக்கிறது என்று ஹோட்டலிலேயே கால் நீட்டிவிட்டார். நாங்கள் நாலு பேர் போனோம். கைடு முப்பது வயதுப் பெண், பெரிய தொப்பி, முதுகில் பை, ஓயாத பேச்சு. மஞ்சள் கொடிக் கடைகளுக்குப் போவதற்கு முதலில் ஒரு சந்தைத் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. நான் வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்றத்தை மூக்கில் ஏற்றியதில்லை. இரண்டு பக்கமும் சாக்குச் சாக்காக உலர்ந்த இறால், காகிதம் மாதிரி தட்டையாகத் தொங்கும் கணவாய், பீப்பாயில் ஏதோ ஊறி நுரைத்துக்கொண்டிருந்தது. தரையில் ஓடிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்க விரும்பவில்லை. அது என் செருப்புக்குள் வந்துவிட்டது. வெயில் வேறு, எல்லாவற்றையும் இன்னொரு தடவை வேகவைத்தது. நாத்தனார் புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு, “சிவ சிவா,” என்று ஒவ்வொரு சாக்குக்கும் ஒன்று சொன்னார். எனக்கு அந்தச் சலுகை கூடக் கிடையாது. மகள் என் பக்கத்தில்தான் நடந்தாள். ஒவ்வொரு கடைக்கும் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, முந்தின வாரம் பாதியில் விட்டுவந்த புராஜெக்ட்டின் ரிலீஸ் வேலைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். முகம் வெறிச்சென்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். “இன்ட்ரஸ்டிங்,” என்று கூடச் சொன்னேன்.

முதல் கடை. மஞ்சள் கொடி பறந்தது, வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம் நின்றது, ஊதுவத்தி வாசனை கூட வந்தது. அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். கைடு ஒரு தட்டோடு வந்து, குச்சியில் ஒரு துண்டைக் குத்தித் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூட டீச்சர் குரலில் கேட்டாள். “கெஸ் வாட் அனிமல்!”

பன்றி. பன்றியின் வயிற்றுப் பக்கத்துச் சதையாம். மேலே பொரிந்த தோல், அடியில் வெள்ளைக் கொழுப்பு, அதற்கடியில் சிவப்பு, மறுபடி கொழுப்பு. எல்லாம் சோயாவும் கோதுமையும்தான், ஆனால் தோலில் மயிர்க்கால்களின் புள்ளிகளைக் கூட விடாமல் செய்திருந்தான் படுபாவி. இதுவரைக்கும் ஒரு ஆட்டுக்கறித் துண்டைக் கூடக் கிட்டத்தில் பார்க்காத எனக்கு, விரதம் என்கிற பெயரில் முதல்முதலாகப் பன்றியின் உடற்கூறு பாடம் நடந்தது. விரதம் இருக்கிறவனுக்கு இந்த ஏக்கம் எதற்கு? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று விட்டுத் தொலைக்காமல், கோதுமையைப் பிசைந்து கொழுப்பு செய்து அதைக் கடித்துக் கண்ணை மூடி ரசிப்பது எந்த ஊர் பக்தி? இதெல்லாம் எனக்குள் ஓடியது. வெளியில் நான் புத்தர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மகள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள்.

“வாவ், திஸ் இஸ் குட்,” என்றாள்.

நானும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். பல்லில் அந்தத் தோல் நொறுங்கி, அடியில் கொழுப்பு வழுக்கிக்கொண்டு நாக்கில் படர்ந்தது. முழுங்கினேன். இன்னொன்றும் முழுங்கினேன், ஏனென்றால் அவள் மூன்றாவது எடுத்துவிட்டாள்.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. “இது நிஜமாவே வெஜ்தானா? நல்லாக் கேளுடா,” என்று தம்பியைக் கிளறினார். அவர் கேட்டார், கைடு சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள். உடனே நாத்தனார் ஒரு துண்டைக் கடித்து, பாதியைக் கையில் துப்பிப் பார்த்து, விரலால் நசுக்கி ஆராய்ந்து, “நாரு கூட வெச்சிருக்கான் பாரேன்,” என்று என் மூக்குக்கு நேராக நீட்டினார். எச்சிலில் ஊறிய அந்தப் பாதியை நான் பார்த்தேன். அதை அப்படியே தம்பி தட்டில் வைத்தார். தம்பி எடுத்துத் தின்றார். பன்றியையே முழுங்கிவிட்ட நான், பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அடுத்த கடையில் மீன். செதில், கண், வால் எல்லாம் உண்டு. தோலுக்குக் கடல்பாசியை ஒட்டியிருந்தார்கள், கிட்டே போனால் கடல் நாற்றம் அடிக்க வேண்டுமே என்பதற்காகவாம். “கெஸ் வாட் அனிமல்!” என்றாள் கைடு மறுபடி. ஒவ்வொரு கடையிலும் இந்தக் கேள்வியை அவள் கேட்டாள், வெள்ளைக்காரர்கள் இதற்குக் கைதட்டுவார்கள் போலிருக்கிறது. மகள் உடனே, “ஸீ பாஸ்?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்பதை நான் இரண்டு தடவை எழுதலாம். அவள் கடைசியாக எப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை. பாதி மீனை அவளே தின்றாள்.

“பாரேன், எப்படி வெளுத்துக் கட்டறா!” என்று நாத்தனார் ஆரம்பித்தார். “வீட்ல சாப்ட மாட்டேங்கறான்னு இவங்க டாக்டர்கிட்டல்லாம் ஓடறாங்க. இங்க பாரு, யானைப் பசி. பிரச்சினை பொண்ணுகிட்ட இல்லடா, உன் பொண்டாட்டி சமையல்ல இருக்கு!”

என் கணவர் ஹெஹ்ஹே என்றார். அதோடு விட்டாரா? போனை எடுத்து, மகள் வாயில் மீனோடு இருப்பதைப் படம் பிடித்து, ‘ஃபைனலி ஈட்டிங்!’ என்று எழுதி, பாதி மெட்ராஸும் பாதி டாலஸும் இருக்கிற குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டார். எல்லா பக்கத்திலிருந்தும் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. ஒரு சித்தப்பா ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று எழுதினார். மகளின் போனும் அந்த குரூப்பில்தான் இருக்கிறது. அவள் அதைப் பார்த்தாள். குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

எனக்கு அந்த நிமிடத்தில் அந்தச் சந்தைத் தண்ணீரை விட என் கணவர் மேலும் அவர் அக்கா மேலும்தான் அதிகமாகக் குமட்டியது. எழுந்து கத்தியிருப்பேன். கத்தினால் அவள் நிறுத்திவிடுவாள். நான் என் தட்டில் இருந்த மீன் கண்ணைக் குத்தி எடுத்து வாயில் போட்டு மென்றேன். அது ஏதோ ஜவ்வரிசி. அவள் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியைத் திரும்ப எடுத்தாள். மீதியையும் தின்றாள். அத்தை தட்டில் இருந்ததையும் வாங்கித் தின்றாள். பிறகு கைடிடம் ரெஸ்ட்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனாள். முதல் கடையிலும் போயிருந்தாள். வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்த கடைதான் என்னைச் சாய்த்தது. ஒரு பெரிய அண்டாவில் கரேலென்று ஒரு குழம்பு கொதித்தது. பட்டை வாசனை தூக்கலாக, அதற்கடியில் ஏதோ புளித்த வாடை. கிண்ணத்தில் சுருள் சுருளாக நூடுல்ஸ், நடுவில் குழாய் குழாயாக வெட்டிப் போட்ட ஏதோ. கைடு வாயைத் திறப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. குடல். குழாயின் உட்புறத்தில் மடிப்பு மடிப்பாக, சளி பூசின மாதிரி பளபளவென்று செய்திருந்தார்கள். அந்த வேலைப்பாட்டைப் பற்றிக் கைடு ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். நாத்தனாரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகள் ஒரு குழாயை ஸ்பூனில் எடுத்து, குழம்பை வழித்து, ஊதி ஆறவைத்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“ட்ரை இட், அம்மா. ஃபார் மீ.”

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கடித்த பிஸ்கட்டை இப்படி நீட்டுவாள். அப்போதே நான் வாயைத் திறந்ததில்லை, தின்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு பாவனை செல்லாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அது நாக்கில் விழுந்து, மெல்ல மெல்ல ரப்பராக நழுவி, மடிப்புகளுக்குள் இருந்த குழம்பைப் பீச்சியது. முழுங்கினேன். “நல்லா இருக்கே,” என்றேன். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள். எனக்கும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. செக்கப்பில் எடை ஏறியிருக்கும், ஆஸ்பத்திரி வேண்டாம், ஊருக்குப் போய் இந்தக் குடலைச் செய்யக் கற்றுக்கொண்டாவது தினமும் போட்டுவிடுகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவள் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு ரெஸ்ட்ரூம் போய்வந்தாள்.

கடையை விட்டு இறங்கி ஒரு திருப்பம் கூடப் போகவில்லை. பழக்கடை ஒன்றில் டுரியன் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்த வாடை வந்து என் தொண்டையில் கை விட்ட மாதிரி இருந்தது. மூடிக் கிடந்த ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் ஓடி, சாக்கடை ஓரத்தில் குனிந்தேன். பன்றி, மீன், கண், குடல் எல்லாம் வந்தது. சத்தத்தோடு வந்தது. தெருவில் போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

“ஐயையோ, நடுத்தெருவுல!” என்று நாத்தனார் தூரத்தில் நின்று சொன்னது கேட்டது. என் கணவர், “தண்ணி வாங்கிட்டு வரேன், தண்ணி வாங்கிட்டு வரேன்,” என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கமாக ஓடினார். கைடும் அவர் பின்னால் போனாள்.

மகள் மட்டும் வந்தாள். கொஞ்சமும் தயங்காமல் என் பக்கத்தில் மண்டிபோட்டு, என் தலைமுடியை ஒரே கையால் சுருட்டி, தன் மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைப் போட்டு மேலே தூக்கிக் கட்டினாள். இன்னொரு கையை என் முதுகில் வைத்தாள். தட்டவில்லை, தேய்க்கவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

“டோன்ட் ஃபைட் இட். தானா நின்னுடும்,” என்றாள்.

தானாக நின்றது. நான் தண்ணீர் கேட்டுக் கை நீட்டினேன். அவள் தன் பையிலிருந்து சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்து கொடுத்தாள். “முழுங்காத அம்மா. ரின்ஸ் பண்ணித் துப்பு. அகெய்ன்.” ஈரத் துணியால் என் வாயைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், சட்டைக் காலரில் தெறித்ததைத் துடைத்தாள். “ஹோட்டல் போனதும் பிரஷ் பண்ணாத, ஓகே? கொஞ்சம் வெயிட் பண்ணணும். பல்லுக்கு நல்லதில்ல.” ஒரு மிட்டாயைப் பிரித்து என் கையில் வைத்தாள். “யூ வில் ஃபீல் ஷேக்கி ஃபார் அ பிட். தட்ஸ் நார்மல்.”

இவ்வளவு தமிழை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு சுத்தமாக, ஒரு சொட்டு கூட தன் மேல் படாமல் அவள் எல்லாவற்றையும் செய்தாள். எங்கள் வீட்டில் யாருக்காவது வாந்தி வந்தால் பார்த்துக்கொள்கிறவள் நான். அவள் யாருக்கும் செய்ததில்லை. பையில் எல்லாம் எடுக்கிற வரிசையில் இருந்தது. ரெஸ்ட்ரூம் போய்வந்த ஒவ்வொரு தடவையும் அவள் வாயில் ஒரு மிட்டாய் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இதெல்லாம் உனக்கு எப்படிடி தெரியும்?” என்றேன்.

பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்த கை நின்றது.  முகத்தில் எதுவும் காட்டக்கூடாது என்பது எனக்கு மறந்துவிட்டது.

“எப்போலேருந்து?”

“ஃப்ரெஷ்மன் இயர்,” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. ஒன்பதாம் வகுப்பு.

“இன்னிக்கும்?”

தலையாட்டினாள்.

அந்தச் சாக்கடை ஓரத்தில், என் வாந்திக்குப் பக்கத்தில், நான் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நான் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்ட ஒரு வாய் கூட அவளுக்குள் தங்கவில்லை. அவளுடைய சிரிப்பு மட்டும் பொய்யாக இருந்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

“ஆர் யூ க்ரோஸ்ட் அவுட்?” என்று கேட்டாள், அருவருப்பாக இருக்கிறதா என்று. மிகச் சின்னக் குரல்.

தயிர்சாதத்தில் கரண்டி வைத்தால் ஒரு வருடம் பேசாதவள் நான். எனக்குள் தேடிப் பார்த்தேன். இவள் மேல் எங்கேயும் துளி அருவருப்பு கிடைக்கவில்லை. “இல்லடி,” என்றேன். “சத்தியமா இல்ல.” அவள் என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். அந்தத் தோளில் என் வாந்தி நாற்றம்தான் அடித்திருக்கும்.

நாத்தனார் மெல்லப் பக்கத்தில் வந்தார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். “சரி சரி, நீ வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போற. பொண்ணு நல்லா சாப்ட்டாளே, அது போதும். அடுத்த கடைல மாங்கா சாதமாம், அதையும் ஒரு பிடி பிடிச்சுட்டான்னா கன்னம் ரெண்டும் திரும்ப வந்துடும்.”

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் ஒரு அடி பின்னால் போனார்.

“அக்கா, நீங்க போங்க,” என்றேன். “இனிமே என் பொண்ணு சாப்பாட்டப் பத்தியும் உடம்பப் பத்தியும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவும்.”

தண்ணீர் பாட்டிலோடு கணவர் வந்து சேர்ந்தார். அந்தப் படத்தை குரூப்பிலிருந்து இப்போதே அழிக்கச் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டு நிற்க அழித்தார். அக்காவை அழைத்துக்கொண்டு மாங்கா சாதத்துக்குப் போகச் சொன்னேன். கைடு என்னவென்று புரியாமல், ரொம்ப ஸாரி ஸாரி என்று எல்லோரிடமும் கும்பிட்டாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு டுக்டுக் ஆட்டோவில் ஏறினோம். வண்டி கிளம்பியது. பிறகு அவள், “வில் யூ டெல் அப்பா?” என்றாள்.

“நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன். டாக்டர்கிட்டயும் சொல்லணும். ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி. நானும் கூட வந்து படுத்துக்கறேன்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தத்தில் முதல் தடவை சொன்னது எனக்குக் கேட்கவில்லை. என்னடி என்று கேட்டேன். என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

“அம்மா, இன்னிக்கு என்னைத் தனியா பாத்ரூம் போக விடாத.”

சரி என்றேன். ஹோட்டலில் ரூம் சர்வீஸில் இரண்டு தோசை சொன்னேன். தோசை என்ற பெயரில் கோந்து மாதிரி எதுவோ வந்தது. அவள் பாதி தின்றாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பாத்ரூம் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பாதி தோசை அவளுக்குள் தங்குகிறவரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.